உயர்ரகப் பாகம் என்று வாங்கினேன், முத்திரையில் வேறு நாடு: ஏமாந்துவிட்டேனா?

எதிர்க்காற்று:

பதினெட்டு வருடமாக ஓட்டிய ஸ்டீல் ஃபிரேம் சைக்கிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஃபிரேமையும் ஃபோர்க்கையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றிவிடலாம் என்று போன வருடம் முடிவு செய்தேன். ஒரேயடியாக வாங்கக் கையில் பணம் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு பாகம் என்று வாங்கி, வந்ததைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்தேன். பழையது 8 வேகம், புதியது 11 வேகம் (பின்பக்கப் பல்சக்கரங்களின் எண்ணிக்கை).

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பிரித்தபோதுதான் கவனித்தேன். ஒரே நிறுவனம், ஒரே வரிசை. முன் டெரெய்லரின் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) உள்பக்கத்தில் அந்த நிறுவனத்தின் சொந்த நாட்டுப் பெயர் பொறித்திருக்கிறது. பின் டெரெய்லரில் வேறு நாடு. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், பேச்சு முழுக்க அதைச் சுற்றியே போய்விடும்.

சரி, பரவாயில்லை என்று மாட்டினேன். மூன்றாவது பல்சக்கரத்திலிருந்து நான்காவதுக்குப் போகும்போது தயங்குகிறது. கேபிளைக் கொஞ்சம் இறுக்கினால் அது சரியாகிறது, உடனே ஏழாவது எட்டாவதில் கரகரவென்று சத்தம். மூன்று மாலை இதிலேயே போய்விட்டது. பழைய டெரெய்லர் இதே ஃபிரேமில் ஒரு நாள்கூட இப்படிப் படுத்தியதில்லை. அது ‘சொந்த நாட்டு’ச் சரக்கு.

என் மகள் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஒரே மாதிரிதானே இருக்கு, எழுத்துதானே வேற?” என்றாள். எனக்கு மனது ஒப்பவில்லை. உயர்ரகம் என்று விலை வைத்து விற்பவர்கள் உண்மையில் எங்கே செய்கிறார்கள்? எங்கே செய்கிறார்கள் என்பது ஓட்டுகிறவனுக்கு முக்கியமா?


மேடுபள்ளம்:

எல்லாம் தைவான்தான். லோகோ மட்டும்தான் வேறு. எழுத்தைத் தேய்த்து அழித்துவிட்டு ஓட்டுங்கள்.


ஸ்போக்_சாவி:

மேடுபள்ளம் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு வருடமாகச் சக்கரம் கோர்த்தும் கியர் சரிசெய்தும் பிழைப்பவன் நான், இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை என் மேஜைக்கு வந்துவிடும்.

முதலில் உங்கள் டெரெய்லர். ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று பார்த்தீர்களா? டெரெய்லரை மாட்டும் அந்தக் காது. 8 வேக கேசெட்டில் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு) ஒரு பல்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 4.8 மில்லிமீட்டர். 11 வேகத்தில் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. ஹேங்கர் லேசாக வளைந்திருந்தாலும் 8 வேகம் முணுமுணுக்காமல் ஓடிவிடும், 11 வேகம் ஓடாது. ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் கெடுகிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் இந்த நோய்தான். டெரெய்லரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் அதைப் பாருங்கள்.

இனி நாடு.

நிறுவனம் இருக்கும் நாடும் பாகம் பிறக்கும் நாடும் பிரிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. கியர் பாகங்கள் செய்யும் ஷிமானோ 1921-இல் ஒசாகாவுக்குப் பக்கத்தில் சகாய் என்ற ஊரில் தொடங்கியது. பல நூற்றாண்டுகளாகக் கத்தியும் துப்பாக்கியும் அடித்த ஊர், இரும்பு வேலை அந்த மண்ணிலேயே இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களே 1973-இல் தங்கள் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைச் சிங்கப்பூரில் திறந்துவிட்டார்கள். அவர்களுடைய உச்ச வரிசையான டியூரா-ஏஸ் என்ற பெயர் முதலில் வந்ததும் அதே 1973-இல்தான். அதாவது, பலர் தூய ஜப்பான் சரக்கு என்று கும்பிடும் பெயரும் ஜப்பானுக்கு வெளியே உற்பத்தி போனதும் ஒரே வயது. பிறகு மலேசியா, இந்தோனேசியா, சீனா, பிலிப்பைன்ஸ், செக் குடியரசு என்று பரவியது.

இன்னொரு கியர் நிறுவனமான காம்பன்யோலோ 1933-இல் இத்தாலியின் விச்சென்சாவில் தொடங்கியது, இன்றும் தலைமையகம் அங்கேதான். ஆனால் ருமேனியாவிலும் அவர்களுக்குத் தொழிற்சாலை உண்டு. மூன்றாவது கியர் நிறுவனமான ஸ்ராம் 1987-இல் சிகாகோவில் பிறந்தது. அவர்களுடைய பெரிய உற்பத்தி தைவானின் தைச்சுங்கில், செயின் போர்ச்சுகலின் கோயிம்ப்ராவில். சிகாகோ முத்திரை போட்ட செட் ஒன்றை வாங்குகிறவர் தைவானையும் போர்ச்சுகலையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, பெட்டியிலேயே எழுதியிருக்கும். நாம்தான் லோகோவைப் படித்துவிட்டு மீதியைப் படிப்பதில்லை.

தைவானைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்னும் பலர் அந்தப் பெயரைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். 1980-இல் சிகாகோவில் ஷ்வின் என்ற அமெரிக்க சைக்கிள் நிறுவனத்தின் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தது. ஷ்வின் தன் ஆர்டர்களைத் தைவானின் ஜயன்ட் நிறுவனத்துக்குத் திருப்பியது. ஜயன்ட் 1972-இல் தொடங்கிய, அதுவரை பிறருக்குச் செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஷ்வின் திவாலாகி நின்றது (1992), ஜயன்ட் தன் பெயரிலேயே உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருந்தது. வேலையைக் கைமாற்றிக் கொடுத்தவர்கள் கைப்பழக்கத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். பிறகு விலை மலிவான வேலை சீனாவுக்குப் போகத் தொடங்கியபோது, 2003-இல் ஜயன்ட்டும் இன்னொரு தைவான் சைக்கிள் நிறுவனமான மெரிடாவும் போட்டியை ஓரமாக வைத்துவிட்டு, பாகம் செய்யும் நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு ‘ஏ-டீம்’ என்று ஒரு கூட்டணி அமைத்தார்கள். டொயோட்டாவின் உற்பத்தி முறையைக் கற்றுக்கொண்டு உயர்ரகத்துக்கு நகர்வதுதான் நோக்கம். இன்று தைச்சுங் பக்கம் ஃபோர்ஜிங் (உலோகத்தை அழுத்தி வடிவாக்குவது) ஒரு தெருவில், இயந்திரத்தில் கடைவது அடுத்த தெருவில், ஆனோடைசிங் (அலுமினியத்தின் மேல் காப்புப் படலம் ஏற்றுவது) அதற்கடுத்த தெருவில் என்று இருக்கிறது. ஒரு டிசைனர் காலையில் வரைந்ததை மாலைக்குள் உலோகமாகக் கையில் பிடிக்கலாம். வேறு எங்கே போனாலும் அந்த வசதியைத் திரட்டுவது கஷ்டம்.

அப்புறம், முத்திரையில் எழுதியிருக்கும் நாடு என்ன சொல்கிறது? பெரும்பாலான சுங்க விதிகளில், ஒரு பொருள் கடைசியாகக் கணிசமான மாற்றம் அடைந்த இடம்தான் அதன் நாடு. ஒரு கார்பன் ரிம்மை எடுத்துக்கொள்ளுங்கள். இழை ஜப்பானில் நூற்றதாக இருக்கலாம். பிசினில் தோய்த்துத் தாளாக்கியது வேறு இடம். அந்தத் தாளை வெட்டி, படம் பார்த்து, ஒவ்வொரு துண்டாக அச்சில் கையால் ஒட்டி வைக்கிறார்களே, அது மூன்றாவது இடம். முத்திரையில் வருவது அந்த மூன்றாவது இடம் மட்டும். அமெரிக்காவில் ‘மேட் இன் யூஎஸ்ஏ’ என்று மொட்டையாக எழுத வேண்டுமானால், ஏறக்குறைய எல்லாமே அங்கே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று அவர்களுடைய வர்த்தக ஆணையத்தின் விதி இருக்கிறது. அதனால்தான் பல பாகங்களில் ‘இங்கே வடிவமைக்கப்பட்டது’, ‘இங்கே பொருத்தப்பட்டது’ என்று வார்த்தை அளந்து எழுதுகிறார்கள். அந்த வினைச்சொல்லைப் படியுங்கள், நாட்டைவிட அது அதிகம் சொல்லும்.

ஒரே மாடலில் இரண்டு நாட்டு முத்திரை போட்ட டெரெய்லர்கள் என் மேஜைக்கு ஒரே வாரத்தில் வந்ததுண்டு. இரண்டையும் கழற்றினேன். பிவட் முள்ளில் வெர்னியர் (நுண்ணிய அளவுகோல்) பிடித்தேன், ஸ்பிரிங்கை ஒப்பிட்டேன், செயின் ஓடும் சின்னச் சக்கரமான ஜாக்கி வீலை ஆட்டிப் பார்த்தேன். எது எந்தக் கிண்ணத்தில் இருந்தது என்று குழம்பிப்போய், கடைசியில் முத்திரையைப் பார்த்துத்தான் திரும்பப் பூட்டினேன்.


பித்தளைமணி:

ஸ்போக்_சாவி எழுதியதில் எனக்குத் தகராறு இல்லை, ஆனால் எனக்கு இடம் முக்கியம்தான். என் பின் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) ஹோப் நிறுவனத்துடையது. இங்கிலாந்தில் லங்காஷையரில் பார்னோல்ட்ஸ்விக் என்ற சின்ன ஊரில் செய்தது. ரோல்ஸ்-ராய்ஸ் விமான இன்ஜின் தொழிற்சாலை இருக்கும் ஊர், அவர்களுடைய ஆர்பி 211 இன்ஜின் பெயரில் உள்ள ‘பி’ அந்த ஊர்தான். அங்கே வேலை பார்த்த இரண்டு பேர்தான் 1989-இல் ஹோப் தொடங்கினார்கள். அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்து எடுப்பது, ஆனோடைசிங், எல்லாம் அதே ஊரில்.

ஒன்பது வருடமாக அந்த ஹப்பில் ஓட்டுகிறேன். பேரிங் இரண்டு முறை, உள்ளே ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கொக்கியின் (பால்) ஸ்பிரிங் ஒரு முறை மாற்றினேன். என் ஸ்பானர் வழுக்கி எண்ட் கேப் (ஹப்பின் ஓர மூடி) ஒன்றைக் கெடுத்தபோது அதை மட்டும் தனியாக வாங்க முடிந்தது. இதற்கு முன் வேறொரு ஹப் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். மூன்றாவது வருடம் உள்ளே ஒரு சின்ன வளையம் தேய்ந்தது. “அது தனியாக வராது, முழு ஹப் வாங்குங்கள்” என்றார்கள். முழு ஹப் என்றால் சக்கரத்தையே அவிழ்த்துக் கோர்க்க வேண்டும். அன்றிலிருந்து, செய்தவர்கள் உட்கார்ந்திருக்கும் கட்டடம் எது என்று தெரிந்த சரக்காகத்தான் தேடுகிறேன். அமெரிக்காவின் போர்ட்லாண்டில் கிறிஸ் கிங் நிறுவனத்தார் பேரிங்கைக்கூட தாங்களே செய்கிறார்கள். புரூக்ஸ் சேணம் 1866-இலிருந்து வரும் பெயர், தோல் சேணங்களை இன்னும் பர்மிங்ஹாம் பக்கத்தில் ஸ்மெத்விக்கில் செய்கிறார்கள். உரிமையாளர் இத்தாலியின் செல்லே ராயல், இருக்கட்டும், கை அந்த ஊர்க்கைதானே.

இன்னொன்று: அந்தச் சின்ன ஊரில் நாலு பேருக்கு நல்ல சம்பளத்தில் வேலை இருக்க வேண்டும் என்று நினைத்து நான் கூடுதல் காசு கொடுத்தால் அதில் என்ன தப்பு? வெர்னியரில் அது தெரியாதுதான்.


ஸ்போக்_சாவி:

தப்பே இல்லை. காசை எந்த ஊருக்கு அனுப்புவது என்பது உங்கள் விருப்பம், அதில் பட்டறைக்காரன் தலையிட முடியாது. நல்ல சம்பளம் கொடுக்கும் தொழிற்சாலை எந்த நாட்டிலும் இருக்கலாம், கொடுக்காததும் எந்த நாட்டிலும் இருக்கலாம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் ஹப் கதையில் உங்களைக் காப்பாற்றியது எண்ட் கேப்பைத் தனியாக விற்ற குணம். நான் ஒரு ஹப்பை எடைபோடுவது அதை வைத்துத்தான். உள்ளே என்ன பேரிங் என்று பார்ப்பேன். 6902 என்று எழுதியிருந்தால் 15 மில்லிமீட்டர் உள்விட்டம், 28 வெளிவிட்டம், 7 அகலம். உலகம் முழுக்க பம்புக்கும் மோட்டாருக்கும் போடும் அளவு, இருபது வருடம் கழித்தும் கிடைக்கும். அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரிய அளவு என்றால் நிறுவனம் இருக்கும்வரைதான் ஹப்புக்கு ஆயுள்.

நிறுவனம் இருக்கும்வரை என்றதும் சன்டூர் நினைவுக்கு வருகிறது. இன்று எல்லா நிறுவனமும் போடும் சாய்ந்த இணைகர வடிவப் பின் டெரெய்லரை 1964-இல் கண்டுபிடித்தவர்கள் அந்த ஜப்பான்காரர்கள்தான். இருபது வருடம் கழித்துக் காப்புரிமை முடிந்ததும் மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஷிமானோ அதைத் தன் சொடுக்குக் கியரோடு சேர்த்துச் சந்தையைப் பிடித்தது. சன்டூர் தாங்கவில்லை. அந்தப் பெயர் இன்று எஸ்ஆர் சன்டூர் என்று தைவானில் இருக்கிறது, முக்கியமாக சஸ்பென்ஷன் ஃபோர்க் செய்கிறார்கள். பழைய சன்டூர் ஜப்பான் முத்திரைக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. உதிரிக்கு அவர்கள் பழைய சைக்கிள்களைத்தான் கிளற வேண்டும்.

சொந்த நாட்டு முத்திரை என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கதை. ஷிமானோவின் அல்டெக்ரா, டியூரா-ஏஸ் 11 வேக கிராங்குகள் (பெடலைத் தாங்கும் கைகள்). எடையைக் குறைப்பதற்காக இரண்டு அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டி உள்ளே கூடாக விட்ட அமைப்பு. ஒட்டு விட்டுப் பிளப்பதாகப் புகார்கள் சேர்ந்து, 2023 செப்டம்பரில் நிறுவனமே பரிசோதனைக்கு அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000 கிராங்குகள், 4,500-க்கும் மேற்பட்ட புகார்கள். 2019 ஜூலைக்கு முன் ஜப்பானில் செய்தவை அவை. உச்சியில் இருக்கும் இரண்டு வரிசைகளும் பட்டியலில் இருந்தன. அவற்றுக்குக் கீழே இருக்கும், விலை குறைந்த 105 கிராங்க் பட்டியலில் இல்லை, அதில் அந்த ஒட்டு வேலையே கிடையாது. வினை இருந்தது வரைபடத்தில், ஊரில் இல்லை. அதே வரைபடத்தை உலகின் எந்த மூலையில் செய்திருந்தாலும் பசை பசைதான். அந்த வகைக் கிராங்க் வைத்திருப்பவர்கள் கிராங்கின் பின்புறம் பொறித்த இரண்டு எழுத்துக் குறியீட்டைப் பார்த்து, பட்டியலில் இருந்தால் பரிசோதிக்கக் கொடுங்கள். இது கிண்டலுக்கு எழுதியதில்லை, ஓடும்போது கிராங்க் பிரிந்தால் முகம்தான் முதலில் தரைக்குப் போகும்.

ஒன்றை மறந்துவிட்டேன். எதிர்க்காற்று, ஹேங்கர் அளக்கும் கருவி இல்லாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. விரைவுப் பூட்டு அச்சு உள்ள பழைய பின்சக்கரம் ஒன்று இருக்கிறதா? அந்த அச்சின் மரையும் ஹேங்கரின் மரையும் ஒரே அளவு: 10 மில்லிமீட்டர் விட்டம், மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். டெரெய்லரைக் கழற்றிவிட்டு, அந்தப் பழைய சக்கரத்தின் அச்சு முனையை ஹேங்கரில் கையால் திருகி ஏற்றுங்கள். இப்போது சைக்கிளில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பின்சக்கரம் நிற்கும். இரண்டு ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலே, கீழே, முன்னே, பின்னே என்று நாலு இடத்தில் அளந்து சொல்லுங்கள்.


பனிமூட்டம்:

யாரும் சொல்லாத ஒன்று. போலிப் பாகம் செய்கிறவன் முதலில் அச்சடிப்பது அந்த நாட்டுப் பெயரைத்தான், அதற்குச் செலவே கிடையாது. ‘ஜப்பான்’ என்று இருப்பதைத் தேடி, முகம் தெரியாத விற்பனையாளரிடம் பாதி விலைக்கு வாங்கி, செயினும் கேசெட்டும் போலி என்று பிறகு தெரிந்துகொண்ட அனுபவம் எனக்கு உண்டு. இப்போதெல்லாம் யாரிடமிருந்து வாங்குகிறேன் என்பதோடு சரி.


எதிர்க்காற்று:

எல்லோருக்கும் நன்றி. சக்கரத்தை இன்று இரவு திருகிப் பார்க்கிறேன். அதற்குள் இன்னொரு குழப்பம்: பரப்பி வைத்திருக்கிறேனே, டயரையும் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஜெர்மன் கம்பெனி, பக்கவாட்டில் இந்தோனேசியா. இதையும் கேட்டுவிடுகிறேன்.


ஸ்போக்_சாவி:

ஷ்வால்பேயாக இருக்கும். அவர்கள் 1970-களிலிருந்தே ஹங்-ஆ என்ற கொரிய நிறுவனத்தோடு சேர்ந்து செய்கிறார்கள், தொழிற்சாலைகள் இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும். இத்தாலியப் பெயர் கொண்ட விட்டோரியாவின் தொழிற்சாலை தாய்லாந்தில். கான்டினென்டலின் உயர்ரக ரோடு டயர் மட்டும் ஜெர்மனியின் கோர்பாக்கில், பக்கவாட்டில் பெருமையாக அச்சடித்திருப்பார்கள். மூன்றிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். ரப்பருக்குப் பாஸ்போர்ட் இல்லை. டயரில் நான் பார்ப்பது செய்த வாரத்தையும் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும்தான்.


எதிர்க்காற்று:

அளந்துவிட்டேன். மகள் டார்ச் பிடித்தாள், நான் ஸ்கேல் பிடித்தேன். மேலே 61, கீழே 74, முன்னே 66, பின்னே 69. எல்லாம் மில்லிமீட்டரில்.

பழைய டெரெய்லர் ஒரு நாளும் படுத்தவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? அளந்து முடித்ததும்தான் நினைவு வந்தது. பல வருடத்துக்கு முன் ஈரமான திருப்பத்தில் வலப்பக்கமாக விழுந்தேன். டெரெய்லரில் கீறல் விழுந்தது, முழங்கையில் தையல் போட்டார்கள். முழங்கையைத்தான் எல்லோரும் பார்த்தோம்.


ஸ்போக்_சாவி:

மேலுக்கும் கீழுக்கும் 13 மில்லிமீட்டர் வித்தியாசம்! 4-க்குள் இருக்க வேண்டும். ஃபிரேம் ஸ்டீல், ஹேங்கர் அதோடு ஒட்டியது, அதனால் வளைத்து நேராக்கலாம். அலுமினியம் என்றால் மாற்றுங்கள் என்றிருப்பேன். அந்தப் பழைய சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து மெதுவாக இழுங்கள், ஒரே இழுப்பில் வேண்டாம். கொஞ்சம் இழுத்து, அளந்து, மறுபடி கொஞ்சம். பின்சக்கரம் ஃபிரேமில் பூட்டியே இருக்கட்டும். போன பக்கமே திரும்பி வளைத்துவிடாதீர்கள், முன்னும் பின்னும் ஆட்டினால் உலோகம் களைத்துவிடும்.


எதிர்க்காற்று:

நாலு இழுப்பில் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது. டெரெய்லரை மாட்டி, கேபிளைப் புதிதாகப் பிடித்தேன். பதினொன்றும் போகிறது, வருகிறது. மகள் பெடலைக் கையால் சுற்ற, நான் லீவரைச் சொடுக்க, அரை மணி நேரம் வேறு வேலையே பார்க்கவில்லை.

சின்ன-சின்னத்தில் (முன்னும் பின்னும் சின்னப் பல்சக்கரம்) மட்டும் செயின் கீழே தொங்குகிறது. பெட்டியில் வந்த நீளத்தை வெட்டாமல் அப்படியே போட்டுவிட்டேன். எத்தனை கண்ணி எடுக்க வேண்டும் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?